அகதியும் அவகாசமும் : கேரள வறுமை ஒழிப்புச் சொற்களின் தமிழாக்கம் – வண்டிப்பெரியார்ப் பகுதியை முன்வைத்து

கேரள அரசு 2021ஆம் ஆண்டு மே மாதம் 'அதிதாரித்ர்ய நிர்மார்ஜனம்' என்னும் திட்டத்தை மேற்கொள்ள முடிவெடுத்தது. உள்ளாட்சி அமைப்புகளின் வழி நடந்த கணக்கெடுப்பில் 64,006 குடும்பங்கள் கொடிய வறுமையில் உழல்பவை எனக் கண்டறியப்பட்டன. குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு நுண்திட்டம் வகுக்கப்பட்டது. 2025 நவம்பர் 1ஆம் நாள், மாநிலம் உருவான நாளிலேயே, கேரளம் அவ்வறுமை நீங்கிய மாநிலம் என அறிவிக்கப்பெற்றது. அறிவிப்பை ஒட்டி எழுந்த வாதங்கள் பெரிதும் கணக்கைப் பற்றியவை. 5.5 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் அந்த்யோதயா அட்டை வைத்திருக்கும் மாநிலத்தில் கொடிய வறுமையினர் 64,006 குடும்பத்தினர் மட்டுமே ஆவது எங்ஙனம் எனப் பொருளியல் அறிஞர் சிலர் வினவினர். அவ்வினா பொருளியலார்க்கு உரியது. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய வினா வேறொன்று உண்டு. இத்திட்டமும் இதன் முன்னோடித் திட்டங்களும் மலையாளத்தில் கருக்கொண்டவை. அவற்றின் பயனை நாடும் குடும்பங்களுள் ஒரு பகுதியினர் தமிழ் பேசுவோர். ஆகவே உதவி அவர்களை அடையும் வழியில் ஒரு மொழிபெயர்ப்பு நிகழ்ந்தே தீர்கிறது. அம்மொழிபெயர்ப்பில் நேரும் பிழை, ஒரு குடும்பத்தைத் தன் உரிமையை அறியாமலே நிற்கச் செய்யக்கூடியது என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

இதனை ஆராய்வதற்கு இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்தைச் சேர்ந்த வண்டிப்பெரியார் ஏற்ற களம். கோட்டயம் – குமுளி சாலையில், பெரியாற்றின் கரையில் அமைந்த தேயிலைத் தோட்ட ஊர் இது. தோட்டத் தொழிலாளர் பலர் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் குடிபெயர்ந்தோரின் வழியினர். 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது பீர்மேடு, தேவிகுளம் வட்டங்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தும் அவை கேரளத்திலேயே நின்றன. ஊர்ப்பெயரிலேயே இருமொழி உறவு பதிந்துள்ளது. தமிழ் 'ஆறு' என்பதற்கு நேரான மலையாள ஈறு 'ஆர்'. அதனை அப்படியே ஏற்று 'வண்டிப்பெரியார்' என எழுதும்போது, ஆற்றைக் குறித்த பெயர் தமிழ்க் காதுக்குச் சான்றோர் ஒருவரைக் குறிப்பதாகிவிடுகிறது. ஊர்ப்பெயரில் இது தீங்கற்ற மயக்கம். நலத்திட்டச் சொற்களில் இதே மயக்கம் தீங்கற்றதாக அமைவதில்லை.

சட்ட அளவில் தமிழர்க்கு இடமின்மை இல்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வழிசெய்தது. எனவே குறை உரிமை இன்மையன்று. அவ்வுரிமையை நிறைவேற்றும் சொல் இன்மையே.

அகதி என்னும் சொல்

கேரளத்தில் கொடிய வறுமை ஒழிப்புக்கு முன்னரே குடும்பஸ்ரீ அமைப்பின் 'ஆச்ரய' திட்டம் நடைமுறையில் இருந்தது. அதன் பயனாளிகள் 'அகதிகள்' என்றே மலையாளத்தில் குறிக்கப்பட்டனர். திட்டம் பிற்பாடு 'அகதிரஹித கேரளம்' என்னும் பெயரில் விரிவாக்கப்பட்டது. மலையாளத்தில் இச்சொல் ஆதரவும் வழியும் அற்றவரைக் குறிக்கும். வடமொழி மூலத்தின் பொருளும் அதுவே. 'கதி இல்லாதவர்' என்பது நேர்ப்பொருள்.

தமிழிலும் ஒருகாலத்தில் இதுவே பொருளாக இருந்தது. 'அகதிக்கு ஆகாயமே துணை' என்னும் பழமொழியில் வரும் அகதி, நாடு விட்டு நாடு வந்தவர் அல்லர். வேறு துணையற்ற எளியவர். இன்றைய தமிழில் இப்பொருள் ஏறக்குறைய வழக்கிறந்தது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து தமிழகம் வந்தோரைக் குறித்த செய்தி வழக்கு, சொல்லின் பொருளை முற்றாகச் சுருக்கிவிட்டது. 'அகதி முகாம்', 'அகதி அட்டை' ஆகிய தொடர்களைக் கேட்டுப் பழகிய ஒருவர்க்கு 'அகதி' என்பது பிறநாட்டிலிருந்து தஞ்சம் புகுந்தவரைத் தவிர வேறெவரையும் உணர்த்தாது. ஒரே மூலச்சொல் இரு மொழிகளில் இருவேறு வரலாறுகளுக்கு உட்பட்டதன் விளைவு இது.

தோட்டப் பகுதியில் இப்பொருள் வேறுபாடு வெறும் அகராதிச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களின் நெடுநாள் சிக்கல்களுள் ஒன்று, தாம் இம்மண்ணுக்கு உரியோர் என்பதை மெய்ப்பிப்பது. பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற 1950க்கு முன்பே மாநிலத்தில் குடியிருந்தமைக்கு ஆவணம் கேட்கப்படுகிறது. எஸ்டேட் குடியிருப்பில் பிறந்து அங்கேயே மூப்படைந்தவரிடம் நிலப்பத்திரமோ வீட்டு வரிச்சீட்டோ இருப்பதற்கு வழியில்லை, வீடு கம்பெனியுடையது. இத்தகையோரிடம் ஒரு திட்ட அறிக்கையை 'அகதிகளுக்கான உதவி' என எழுத்துப்பெயர்த்துத் தந்தால் இருவகைத் தீங்கு நேரலாம். ஒன்று, அது தமக்குரியதன்று எனக் கருதி விலகுவது. மற்றொன்று இன்னும் கடுமையானது: அப்பெயரின் கீழ்க் கையொப்பமிட்டால் தாம் வெளியிலிருந்து வந்தவர் என்பதை ஒப்புக்கொண்டதாகும் என அஞ்சுவது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து கேரளத்தின் புனலூரிலும் தமிழகத்தின் நீலகிரியிலும் குடியமர்ந்தோர் 'தாயகம் திரும்பியோர்' என்னும் பெயருக்கு உரியவர்களாய் இருந்தும் ஊர் வழக்கில் அகதிகள் எனப்பட்டது மனத்தை உறுத்திய செய்தி என்பதையும் மொழிபெயர்ப்பாளர் நினைவிற்கொள்ள வேண்டும்.

இதற்கு மாற்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அச்சொல்லின் உறுப்புகளையே தமிழ் வாய்மொழி வேறு வடிவில் காத்து வைத்துள்ளது. 'கதியற்றவர்' என்பது கற்றாரும் கல்லாரும் வழங்கும் சொல். பேச்சில் 'கதியத்தவங்க' என்றாகும். மூலத்தின் பொருளை ஒருசிறிதும் இழக்காமல், தஞ்சம் புகுந்தோர் என்ற ஏற்றப்பொருளும் இல்லாமல் இச்சொல் நிற்கிறது.

உரிமை சலுகையாதல்

கொடிய வறுமைத் திட்டத்தின் தொடக்கத்தில் ஓர் உண்மை வெளிப்பட்டது. மிக வறியவர்களுள் பலரிடம் ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை முதலான ஆவணங்களே இல்லை. உதவி பெறுவதற்கான முதல் வாயிலே அவர்க்கு அடைபட்டிருந்தது. இவ்வாவணங்களை விரைந்து பெற்றுத் தருவதற்கான முயற்சிக்கு மலையாளத்தில் 'அவகாசம் அதிவேகம்' எனப் பெயரிட்டனர். 'உரிமை, மிக விரைவில்' என்பது கருத்து. தமிழ் எழுத்தில் அதனை அப்படியே எழுதினால் விந்தையான முரண் தோன்றுகிறது. தமிழில் அவகாசம் என்பது கால இடைவெளி. 'இன்னும் பத்து நாள் அவகாசம் வேண்டும்' என்பது போல. உரிமையை விரைந்து தருவேன் என்ற தொடர், தவணை விரைந்து கிடைக்கும் என்பதாய்த் திரிகிறது. அலுவலகத்தில் பன்முறை 'அப்புறம் வா' எனக் கேட்டுப் பழகியவர் இத்தொடரை அவ்வாறு புரிந்துகொள்வதில் வியப்பில்லை.

'சௌஜன்யம்' என்பதும் இவ்வகையினதே. மலையாளத்தில் விலையின்றிக் கிடைப்பதைக் குறிக்கும் இச்சொல், தமிழில் பழைய வழக்கறிந்தோர்க்கு நற்பண்பு என்ற பொருளையே தரும். தமிழில் இதற்குச் சமமான 'இலவசம்' இழிபொருள் ஏற்றுவிட்டது என்பதாலேயே போலும், தமிழக அரசு 2011க்குப் பின் 'விலையில்லா' என்னும் அடையை மேற்கொண்டது. அடை மாறியதே தவிர, பெறுவோரைக் குறித்த ஏளனம் எவ்வளவு குறைந்தது என்பது ஐயத்துக்குரியது.

எனினும் பெரிதும் ஆராயத்தக்கது 'ஆனுகூல்யம்' என்ற சொல்லே. மலையாளத்தில் இதன் பொருட்பரப்பு அகன்றது. தொழிலாளிக்குச் சட்டப்படி சேர வேண்டிய கிராஜுவிட்டியும் ஆனுகூல்யம். அரசு மனமுவந்து தரும் உதவியும் ஆனுகூல்யம். தமிழில் இதனைப் பெயர்ப்போர் பெரும்பாலும் 'சலுகை' என்பர். முதற்பொருளுக்கு இது முழுப் பிழை. சலுகை என்பது தருபவரின் விருப்பத்தைச் சார்ந்தது. கிராஜுவிட்டி உழைத்தவர் ஈட்டி வைத்தது.

இதன் முழு விளைவை உணர, பீர்மேட்டுத் தோட்டங்களின் அண்மை வரலாறு வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் (பின்னாளில் 2020ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத் தொகுப்புக்குள் அடக்கப்பெற்றது) குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம், குழந்தைகளின் கல்வி ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் கடமையாக வகுத்தது. அவை கருணைப் பொருள்கள் அல்ல. கூலியின் பிறிதொரு வடிவம். 2000ஆம் ஆண்டில் தேயிலை விலைச் சரிவின் நடுவே பீர்மேடு டீ கம்பெனி தன் தோட்டங்களைக் கைவிட்டது. லோன்ட்ரீ, சீந்தலாறு முதலிய எஸ்டேட்டுகளில் தொழிலாளர் கூலியும் சேமநிதியும் பணிக்கொடையும் நிலுவையாய் நிற்க, பச்சைக்கொழுந்தைத் தாமே பறித்து விற்று நாள் கடத்தினர். லயங்கள் பழுது பார்ப்பாரின்றிச் சிதைந்தன. ('லைன்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபான இந்த 'லயம்', இசையின் லயத்தோடு ஒலியால் மட்டுமே உறவுடையது, பிற மாவட்ட வாசகர்க்கு மொழிபெயர்ப்பாளர் இதனை விளக்காமல் விடலாகாது.) பின்னர் அரசின் அரிசியும் ஓணக்கால உதவித்தொகையும் அறநிறுவனங்களின் ஆடையும் நோட்டுப் புத்தகமும் வந்தன. முன்பு கடமை என்ற பெயரில் வந்தவை இப்போது உதவி என்ற பெயரில் வந்தன. அரிசி அதே அரிசி. பெறுபவரின் நிலை மாறிவிட்டது. இந்த மாற்றத்தை மலையாளத்தின் ஆனுகூல்யம் மறைக்கிறது; தமிழின் சலுகை நிலைநாட்டிவிடுகிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் இடம் நோக்கிப் பிரித்தல் வேண்டும். சட்டம் தந்ததனை 'பணப்பலன்' அல்லது 'உரிய தொகை' என்றும், அரசோ அறநிறுவனமோ கூடுதலாகத் தருவதனை 'உதவி' என்றும் கூறுதல் தகும்.

தமிழகத்தில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ரூ. 1,000 வழங்கும் திட்டம் 'மகளிர் உரிமைத் தொகை' எனப் பெயர் பெற்றமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அதற்கு முன் இத்தகையன யாவும் உதவித்தொகைகளே. மக்கள் வழக்கோ இதனினும் முந்தியது. முதியோர் உதவித்தொகையை ஊரார் எவரும் அப்பெயரால் சொல்வதில்லை, 'பென்சன்' என்பர். வேலை செய்து ஓய்ந்தவர்க்கு உரியது பென்சன். வயலிலோ தோட்டத்திலோ வாழ்நாள் முழுதும் உழைத்த ஒருவர் அச்சொல்லைத் தமக்கு எடுத்துக்கொண்டதில் ஒரு வழக்குரையே அடங்கியுள்ளது.

ஈ, தா, கொடு

கொடைச் சொற்கள் தருவோர்க்கும் பெறுவோர்க்கும் இடையிலான நிலையைக் காட்டும் என்பதை முதலில் இலக்கணமாக்கியவர் தொல்காப்பியரே. எச்சவியலில் அவர் 'ஈ' என்பது இழிந்தோன் கூற்று, 'தா' என்பது ஒப்போன் கூற்று, 'கொடு' என்பது உயர்ந்தோன் கூற்று என வகுக்கிறார். கேட்கப்படும் பொருள் ஒன்றே; கேட்பவர் யார் என்பதை வினைச்சொல்லே அறிவித்துவிடும். கிளவியாக்கத்தில் வேறொரு வரையறையும் உண்டு. தரவும் வரவும் தன்மை முன்னிலைக்கு உரியன. செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன.

இவ்விரண்டாம் வரையறை இன்றைய தமிழில் தளர்ந்துவிட்டது. 'எனக்குக் கொடு' என்பதில் எவரும் வழு காண்பதில்லை. மலையாளம் இதனை இன்றும் போற்றுகிறது: எனக்கும் உனக்கும் ஆயின் 'தருக', அவனுக்காயின் 'கொடுக்குக'. எனவே மலையாளப் பேச்சில் 'சர்க்கார் தரும்' என்னும் தொடர், பெறுபவர் பேசுவோரும் கேட்போருமே என்பதை வினையாலேயே உணர்த்தும்; 'கொடுக்கும்' எனின் பெறுபவர் பிறர். தமிழில் 'அரசு கொடுக்கும்' என்றால் யாருக்கு என்ற ஐயம் எஞ்சும். இவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு 'உங்களுக்கு' என்ற சொல்லை வெளிப்படையாய்ச் சேர்க்க வேண்டும். மூலத்தில் இல்லாத சொல்லைச் சேர்ப்பதாக இதனைக் குறைகூற இயலாது. மூலத்தின் வினையுள் அது உள்ளது.

அலுவலக மொழியில் இரு மொழிகளும் வேறு வழியில் ஒன்றுபடுகின்றன. மலையாளத்தில் 'நல்கும்', தமிழில் 'வழங்கப்படும்'. நல்குதல் இடவேறுபாடு காட்டாது. வழங்கப்படும் என்ற செயப்பாட்டுவினையில் தருபவரே மறைந்துவிடுகிறார். பெறுபவரும் 'விண்ணப்பதாரர்' எனப் படர்க்கையாகிவிடுகிறார். தொல்காப்பியர் படர்க்கைக்குரிய 'கொடு' தன்மையிடத்து வருவதற்கு அமைதி கூறுகையில், தன்னைப் பிறன்போலக் கூறும் குறிப்பு என்கிறார். அது உயர்ந்தோனின் பேச்சுமுறை. இன்று அம்முறையை விண்ணப்பப் படிவம் மிக எளியவரின் வாயில் இடுகிறது. பசித்தவர் தம்மை 'மேற்படி விண்ணப்பதாரர்' என எழுத வேண்டியுள்ளது. தமிழ்ப் படிவங்களைச் செப்பஞ்செய்வோர் 'நான்', 'என் குழந்தை' என்ற தன்மை இடத்துக்கு மீள்வதைக் கருதிப் பார்க்கலாம்.

'ஒப்புரவு' என்னும் சொல்லை மீட்டெடுத்தால் என்ன எனச் சிலர் கருதக்கூடும். திருக்குறள் 'ஒப்புரவறிதல்', 'ஈகை' என இரண்டையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக்கி வேறுபடுத்துகிறது. ஆயினும் இக்காலத்தில் கிறித்தவத் தமிழில் ஒப்புரவு என்பது பகை நீங்கி இணங்குதலைக் குறிக்கிறது. மலைத்தோட்டங்களில் கிறித்தவக் குடும்பங்களும் வாழ்தலின் அச்சொல் அங்கு மயக்கமே தரும்.

இன்மையைச் சொல்லுதல்

'அதிதாரித்ர்யம்' என்பதற்குத் தமிழ் இதழ்கள் 'தீவிர வறுமை' என்கின்றன. உலக வங்கி வரையறுக்கும் வறுமைக்கும் இதே பெயர். இரண்டும் ஒன்றல்ல. உலக வங்கியினது பணக்கோடு. 2025 ஜூனில் அக்கோடு ஒருவர்க்கு நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்த்தப்பட்டது. கேரளத்தினது பணக்கோடு அன்று. உணவு, உடல்நலம், வருமானம், உறைவிடம் என்னும் நான்கின் இன்மையை நோக்குவது. மேலும் 'தீவிரம்' என்பது முனைப்பையும் விரைவையும் உணர்த்தும் சொல். இன்மைக்கு முனைப்பு ஏது? 'கொடிய வறுமை' என்பதே தமிழ் மரபுக்கு இயைந்தது. மரபில் நல்குரவு, மிடி, இலம்பாடு, இன்மை எனச் சொற்கள் மிகுதியாக உள்ளன. பேச்சில் 'அன்றாடங்காய்ச்சி' உண்டு. இவற்றுள் 'இன்மை' கவனிக்கத்தக்கது. அது ஆளுக்குப் பெயராகாமல், இல்லாத பொருளைச் சுட்டி நிற்கிறது.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் பாடிய பாடல்களை இந்நோக்கில் மீண்டும் படித்தல் நலம். அவர் தம்மை ஏழை என்று சொல்லி நிறுத்துவதில்லை. முதிர்ந்து தளர்ந்த தாய், கீரை கொய்து பசியாற்றும் மனைவி, பாலற்ற மார்பைச் சுவைத்து அழும் புதல்வன், அவனை அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் அமர்த்த முயலும் அன்னை என ஒவ்வொருவரின் குறையும் தனித்தனியே வருகிறது. பெருந்தலைச் சாத்தனார் அடுப்பில் காளான் முளைத்திருப்பதைக் காட்டுகிறார். நான்கு இன்மைகளையும் குடும்பவாரியாகப் பதியும் நுண்திட்டத்தின் நோக்கம் இதனின் வேறன்று, மொழிதான் வேறு. 'குணபோக்தாவு', 'பயனாளி' என்ற சொற்களில் தாயும் புதல்வனும் காணாமற் போகின்றனர்.

அதே பெருஞ்சித்திரனார், அதியமான் தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுக்கிறார் (புறம் 208). பரிசு சிறிதென்பதன்று அவர் மறுப்பு. தகுதி அறிந்து தருவதாயின் தினையளவும் இனிது என்பது அவர் கொள்கை. உதவித் திட்டத்தின் மொழியை மதிப்பிட இதனினும் கூரிய அளவுகோல் கிடைப்பது அரிது: அம்மொழியில் பெறுபவர் காணப்படுகிறாரா?

குழந்தைகளைப் பற்றிய சொற்களில் இக்குறை மிகுதி. அறநிறுவனங்களின் துண்டறிக்கைகளில் 'ஒரு குழந்தையைத் தத்தெடுங்கள்' என்ற வேண்டுகோள் பெருவழக்கு. அவர்கள் கருதுவது படிப்புச் செலவை ஏற்பது மட்டுமே. தத்து என்பதோ பெற்றோர் உறவே சட்டப்படி மாறுவது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இவ்விரண்டையும் தனித்தனிப் பிரிவுகளில் வைக்கிறது. பெற்றோருடனேயே வாழும் குழந்தைக்கு நிதி ஆதரவு அளிப்பது தத்து ஆகாது. மத்திய அரசின் 'வாத்சல்ய' இயக்கத்தில் இவ்வாதரவு மாதம் ரூ. 4,000. லயத்தில் வாழும் ஒரு தாயிடம் 'உங்கள் பிள்ளையைத் தத்தெடுக்க ஆள் வந்திருக்கிறது' எனச் சொன்னால் அவர் பிள்ளையை ஒளித்து வைப்பதே இயல்பு. 'புரவலர்' என்ற மாற்றும் அரசவை வாசனை உடையது. 'படிப்புச் செலவை ஏற்போர்' என்பது சற்றே நீளம். ஆயினும் பொருள் தவறாது. தாய் தந்தை இருவரும் உயிரோடிருக்கும் பிள்ளைகளை 'ஆதரவற்ற குழந்தைகள்' என எழுதுவதும் இவ்வாறே களையத்தக்கது. அப்பிள்ளைக்கு ஆதரவு உண்டு, ஆதரிப்பவர்க்குக் கூலியில்லை.

இறுதியாக, அறிவிப்பின் சொல்லே ஒன்று உள்ளது. மலையாளத்தில் 'முக்தம்'. தமிழில் இதற்கு 'வறுமையற்ற', 'வறுமை நீங்கிய', 'வறுமையிலிருந்து விடுபட்ட' என மூன்று வடிவங்கள் இயல்பாக அமையும். மூன்றாவதை ஆளுகையில் எச்சரிக்கை வேண்டும். விடுபடுதல் தமிழில் இருபொருள் உடையது: தளையிலிருந்து நீங்குவதும் அதுவே, பட்டியலில் இடம்பெறாமற் போவதும் அதுவே. 'இலிருந்து' என்னும் உருபு நிற்கும்வரை குழப்பமில்லை. அட்டவணைத் தலைப்பாகச் சுருங்கும்போது உருபு உதிர்ந்து 'விடுபட்ட குடும்பங்கள்' என்பது மட்டும் எஞ்சும். அத்தலைப்பின் கீழ்த் தம் பெயரைத் தேடும் ஒருவர், தம் வறுமை நீங்கிவிட்டது என அரசு கூறுகிறதா, தம் பெயரை எழுத மறந்தது என ஒப்புகிறதா என அறிய வழியில்லை. 'வறுமை நீங்கிய குடும்பங்கள்', 'பட்டியலில் சேராத குடும்பங்கள்' என இரண்டு தலைப்புகளும் தனித்தனியே தேவை.